கழலாத போல்டும் கழன்ற மரையும்

எஞ்சின் ஆயில் மாற்றுவது அரைமணி நேர வேலை. வண்டிக்கு அடியில் ஒரு தட்டை வைத்து, ஆயில் சேம்பரின் அடியில் இருக்கும் ஒரே ஒரு போல்டைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். அதே போல்டை மாட்டி, மேலே புது ஆயிலை ஊற்றினால் முடிந்தது. ஆனால் அந்த ஒரு போல்ட் கழல மறுத்துவிட்டால், அல்லது கழன்றபின் திரும்ப ஏற மறுத்துவிட்டால், அரைமணி நேர வேலை ஒரு வார வேலையாகிவிடும். செலவும் அதற்கேற்ப ஏறும்.

நம் அஜ்னி, நாக்பூர் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு விடியற்காலையில் இட்லி மாவு கொண்டுவந்து போடும் தம்பியைப் பலருக்குத் தெரிந்திருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய பிழைப்பு முழுவதும் ஒரு 100 சி.சி. மோட்டார் சைக்கிளின் முதுகில்தான். சில மாதங்களுக்கு முன் ஒருநாள் மாலை வண்டியைத் தள்ளிக்கொண்டே என் வீட்டு வாசலுக்கு வந்தார். அடியில் சொட்டுச் சொட்டாக ஆயில்.

"ஸார், நானே ஆயில் மாத்தலாம்னு போல்டைத் திருகினேன். முதல்ல ரொம்ப டைட்டா இருந்துச்சு. அப்புறம் படக்குனு லூஸாயிருச்சு. இப்போ எந்தப் பக்கம் திருகினாலும் சும்மா சுத்துது. மெக்கானிக் எஞ்சினையே பிரிக்கணும்கான். கேஸ் மாத்தணுமாம், ஒரு வாரம் ஆகுமாம்."

ஒரு வாரம் மாவு போகாவிட்டால் வாடிக்கையில் பாதி வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய கவலை. எஞ்சினைப் பிரிக்காமலே அந்த வண்டி மூன்றாம் நாள் ஓடியது. எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், ஒரு போல்ட் ஏன் இறுகுகிறது, ஏன் மரை போகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

போல்டின் மரை என்பது ஓர் உருளையைச் சுற்றிப் போட்ட சரிவுப் பாதை, அவ்வளவுதான். சிறிய கார்களின் ஆயில் போல்ட் பலவற்றில் விட்டம் 14 மி.மீ., ஒரு சுற்றுக்கு ஏற்றம் 1.5 மி.மீ. சுற்றளவைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 41 மி.மீ. நடந்தால் 1.5 மி.மீ. உயர்வு, அதாவது 27-க்கு 1 சரிவு. கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையே போர் காட்டில் ரயில் ஏறும் சரிவு 37-க்கு 1. அதற்கே பின்னால் பாங்கர் எஞ்சின் போட்டுத் தள்ளுகிறோம். அதைவிடச் செங்குத்தான பாதையில் நிற்கும் போல்ட் தானாக இறங்கிவிடாமல் இருப்பது உராய்வினால்தான். ஆயில் பட்ட இரும்பிலும்கூட, சுமார் 7-க்கு 1 சரிவு வரும்வரை வழுக்காமல் நிறுத்திவைக்கும் அளவுக்கு உராய்வு உண்டு. ஆகவே போல்ட் பத்திரமாக நிற்கிறது.

இதே உராய்வு நம் கைப்பலத்தையும் தின்றுவிடுகிறது. ஸ்பானரில் நாம் கொடுக்கும் பலம் 100 என்றால், ஏறக்குறைய 50 பங்கு போல்ட் தலைக்கு அடியில் வாஷரோடு உரசுவதிலும், 40 பங்கு மரையில் உரசுவதிலும் போய்விடுகிறது. மிஞ்சும் 10 பங்குதான் போல்டை இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பத்துப் பங்கே லேசுப்பட்டதல்ல. சிறிய கார்களில் ஆயில் போல்டுக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 நியூட்டன்-மீட்டர் வரை முறுக்கு சொல்லியிருப்பார்கள். 35 என்று வைத்துக்கொண்டால் போல்டில் ஏறும் இழுவிசை சுமார் ஒன்றேகால் டன். ஒரு கட்டைவிரல் பருமன் போல்டுக்கு இது தாராளம்.

35 நியூட்டன்-மீட்டர் என்பது கைக்கு எவ்வளவு? 20 செ.மீ. நீளமுள்ள சாதாரண ரிங் ஸ்பானரின் நுனியில் 17, 18 கிலோ இழுப்பு. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும் அளவு. அதற்குமேல் வேண்டியதில்லை. நம் ஊர் வழக்கமோ, "நல்லா டைட் பண்ணு" என்று சொல்லி, ஸ்பானரில் ஒரு மீட்டர் பைப்பை மாட்டி, அதே 18 கிலோவை அதன் நுனியில் போடுவது. முறுக்கு ஐந்து மடங்காகிவிடும். கீழே இருப்பது அலுமினியக் கேஸ் என்றால், அன்றே மரை பாதி போய்விடும். அடுத்த முறை கழற்றும்போது மீதியும் போல்டோடு சேர்ந்து வெளியே வரும். கழற்றியவர்மேல் பழி விழும். உண்மையில் கெடுத்தவர் போன தடவை மாட்டியவர்.

மரை கழன்றவன் என்று தமிழில் ஒருவனைச் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இங்கே மெக்கானிக்குகள் மரையைச் 'சூடி' என்கிறார்கள், வளையல் என்று பொருள். சூடி செத்துவிட்டது என்பார்கள். மெக்கானிக்கிடம் போகிற அன்பர்கள் இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மாவுக்காரத் தம்பி செய்த தவறு ஒன்று உண்டு. நான் கண்ட பத்தில் நாலு கேஸ் இதே தவறுதான். வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையை அடியில் விட்டு, மேலிருந்து பார்த்தபடி "இடதுபக்கம் திருகினால் கழலும்" என்று திருகியிருக்கிறார். போல்டின் தலை தரையைப் பார்க்கிறது. தலைக்கு நேரே நின்று பார்த்தால்தான் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை என்பது கழற்றும் திசை. மேலிருந்து பார்க்கிறவருக்கு அது கடிகார முள் செல்லும் திசையாகத் தோன்றும். அவர் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார். "படக்குனு லூஸாயிருச்சு" என்றாரே, அது போல்ட் கழன்ற சத்தமில்லை. அலுமினிய மரை அறுந்த சத்தம். சந்தேகம் வந்தால் ஒரு பழைய பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மூடியைத் திறந்து பாருங்கள்; திசை கைக்குத் தெரிந்துவிடும்.

இனி, தலை நன்றாக இருந்தும் கழல மறுக்கும் போல்ட்.

முதலில் உயிர்ப் பிரச்னை. காரை அதோடு வந்த ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்தி அடியில் போகவே கூடாது. இறுகிய போல்டை இழுக்கும்போது நம் முழுப் பலமும் பக்கவாட்டில் வண்டியை ஆட்டுகிறது. ஜாக்கி சாய்வது அந்த நொடியில்தான். செங்கல்லை அடுக்கி நிறுத்துவதும் ஆபத்து. செங்கல் முன்னறிவிப்பு இல்லாமல் பொடியும். ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். அல்லது முன் சக்கரங்களைக் கெட்டியான மரக்கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்துங்கள். ரயில்வேயில் ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித்தான் பெட்டியையே தாங்க வைக்கிறோம். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடை. ஹாண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கும் ஆயில் முழங்கை வரை வழியும். போல்ட் தலையைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். தலையில் பாதி மட்டும் ஸ்பானர் உட்கார்ந்தால்தான் முனைகள் உருண்டுபோகின்றன. ஸ்பானர் சரியான அளவுதானா என்றும் பாருங்கள். 19 மி.மீ.யும் முக்கால் அங்குலமும் ஏறக்குறைய ஒன்று, மாற்றிப் போடலாம். 17 மி.மீ. தலைக்கு 11/16 அங்குல ஸ்பானரும் மாட்டும், ஆனால் அரை மி.மீ. ஆடும், அந்த அரை மி.மீ. போதும் முனையைத் தின்ன. வாய் திறந்த ஸ்பானரும், திருகி அளவு மாற்றும் ஸ்பானரும் இந்த வேலைக்கு ஆகாது. பன்னிரண்டு முனை ரிங்கைவிட ஆறு முனை ஸாக்கெட் சிறந்தது. முனையைப் பிடிக்காமல் முகத்தைப் பிடிக்கும்.

ஒரே இழுப்பாக இழுக்காமல், ஸ்பானரின் வாலை உள்ளங்கையாலோ ரப்பர் சுத்தியாலோ 'டக் டக்' என்று தட்டுங்கள். நின்ற இடத்து உராய்வை உடைக்க அதிர்ச்சிதான் மருந்து. கெட்டியான கேஸாக இருந்தால், போல்டின் தலை நடுவில் பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து நேராக இரண்டு மூன்று அடி அடிப்பதும் பலன் தரும். தகட்டுச் சேம்பரில் இதைச் செய்ய வேண்டாம், நசுங்கிவிடும்.

பலரும் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு இரவெல்லாம் காத்திருப்பார்கள். ஆயில் போல்டைப் பொறுத்தவரை இதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதன் மரை வருடக்கணக்காக ஆயிலிலேயே ஊறிக்கிடக்கிறது. உள்ளே துருவே இருக்காது. பிடிப்பு இருப்பது தலைக்கு அடியில், வாஷரில். தலையின் விளிம்பைச் சுற்றி அடித்துப் பாருங்கள், தவறில்லை. வெளியே தண்ணீரும் சேறும் படும் கியர் பாக்ஸ், பின் அச்சுப் போல்டுகளுக்குத்தான் ஸ்பிரே உண்மையாகவே உதவுகிறது.

கேஸ் அலுமினியமாக இருந்தால் சூடு நல்ல துணை. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஒரு கெட்டில் கொதிநீரைப் போல்டைச் சுற்றியுள்ள கேஸின்மேல் ஊற்றி, உடனே ஸ்பானரைப் போட்டால் பல நேரம் இளகிவிடும். விரிவு ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்குதான். ஒட்டிக்கொண்டதை உசுப்ப அது போதுமாக இருப்பதுண்டு. கேஸ் விளக்கு, ப்ளோ லாம்ப் எல்லாம் வீட்டு முற்றத்தில் வேண்டாம். மேலே பெட்ரோல் இருக்கிறது.

இத்தனைக்கும் கழலவில்லை என்றால் நிறுத்திவிடுவது ஒன்றும் தோல்வி அல்ல. ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் துளை வழியே மெல்லிய குழாயை விட்டு, கைப்பம்பால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடலாம். அடியில் கொஞ்சம் தங்கும், பரவாயில்லை. வண்டி ஓடும். போல்டை வசதியான நாளில், வசதியான பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம்.

கியர் பாக்ஸ் ஆயில் மாற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம். இது நான் பட்ட அடி. ஊற்றும் போல்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது கழன்ற பிறகே வடிக்கும் போல்டில் கை வையுங்கள். ஓய்வு பெற்ற புதிதில், மறுநாள் குடும்பத்தோடு ராம்டேக் கோயிலுக்குப் போவதாகத் திட்டம். முதல்நாள் மாலை பழைய காரின் கியர் ஆயிலை முழுக்க வடித்துவிட்டேன். ஊற்றும் போல்ட் அசையவில்லை. இரவு பத்து மணிக்கு, ஒரு சொட்டு ஆயில் இல்லாத கியர் பாக்ஸோடு வண்டி முற்றத்தில் நிற்கிறது. பட்டறைக்கும் ஓட்டிப்போக முடியாது. பல வருடம் ஜூனியர்களுக்கு உபதேசம் செய்த கை இது. ராம்டேக்குக்கு பஸ்ஸில்தான் போனோம். என் மனைவி வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

அடுத்து, தலை உருண்டுபோன போல்ட். மாருதி 800 வகை வண்டிகள் 2014-இல் உற்பத்தி நின்றபிறகும் நம்மில் சிலரிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் இது சகஜம். சேம்பர் இரும்புத் தகடு, அதனால் மரை எளிதில் போகாது. பல கைகள் பட்டுத் தலைதான் உருளும். 17 மி.மீ. தலை உருண்டிருந்தால் 16 மி.மீ. ஆறு முனை ஸாக்கெட்டைச் சுத்தியால் தட்டி ஏற்றுங்கள். அது புது முகத்தை வெட்டிக்கொண்டு உட்காரும். பழைய ஸாக்கெட்டாக இருக்கட்டும், பிறகு அதைப் பிரிப்பதே ஒரு வேலை. அதற்கும் பிடி கிடைக்காத அளவு உருண்டிருந்தால், அரத்தால் எதிரெதிரே இரண்டு பக்கம் தட்டையாக ராவி, பைப் ரெஞ்சைப் போடுங்கள். வைஸ் கிரிப்பும் பிடிக்கும். ஆனால் அதற்கு முதல் முயற்சியிலேயே வெற்றி வேண்டும், வழுக்கினால் இன்னும் மழுக்கிவிடும். உளியைத் தலையின் விளிம்பில் சாய்வாக வைத்து, கழலும் திசையில் தட்டுவது பழைய வைத்தியம். அதிர்ச்சியும் திருப்பமும் ஒன்றாகக் கிடைப்பதால் பல நேரம் ரெஞ்சை ஜெயித்துவிடும்.

பட்டறையில் செய்யக்கூடிய மிக நல்ல வழி, உருண்ட தலையின்மேல் ஒரு பெரிய நட்டை வைத்து, அதன் துளைக்குள் வெல்டிங் வைத்து இரண்டையும் ஒன்றாக்குவது. புதுத் தலையும் கிடைக்கிறது, சூடும் போல்டுக்குள் இறங்குகிறது. ஆறியதும் சாதாரண ஸ்பானரில் வந்துவிடும். வெல்டிங்குக்கு முன் பாட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள்; இன்றைய வண்டிகளின் மின்னணுப் பெட்டி தாங்காது. ஆயில் கசிவைத் துடைத்து, தீயணைக்கும் சாதனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த வெல்டரே செய்ய வேண்டும்.

இப்போது மாவுக்காரர் வண்டி. போல்ட் சுற்றுகிறது, வெளியே வரவில்லை. அறுந்த மரைத் துணுக்குகள் போல்டோடு ஒட்டிச் சுற்றுகின்றன. தலைக்கு அடியில் ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைச் செருகி, கீழ்நோக்கி நெம்பிக்கொண்டே கழலும் திசையில் சுற்றினோம். நாலைந்து சுற்றில் வந்துவிட்டது. அதன் பள்ளங்களில் அலுமினியம் கம்பிச் சுருள்போலச் சுற்றியிருந்தது. கேஸின் துளை மழமழவென்று இருந்தது.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, 12 மி.மீ. துளையில் 14 மி.மீ. மரை வெட்டி, பெரிய போல்ட் போடுவது. செலவு குறைவு, ஆனால் துளையைச் சுற்றியுள்ள சுவர் மெலிந்துவிடும். இன்னொன்று ஹெலிகாயில். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாலான ஒரு சுருள். துளையில் அதற்குரிய டாப்பால் சற்றே பெரிய மரை வெட்டி, இந்தச் சுருளைத் திருகி இறக்கிவிட்டால், உட்பக்கம் பழைய 12 மி.மீ. மரை திரும்பக் கிடைக்கும். பழைய போல்டே ஏறும். அலுமினியத்தின் இடத்தில் இப்போது எஃகு மரை, ஆகவே முன்னைவிடக் கெட்டி. நான் இரண்டாவதையே சிபாரிசு செய்தேன். எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் அந்த டாப்பும் சுருளும் இருந்தன. மூன்றாம் நாள் மதியம் நேரம் கிடைத்தது.

வண்டியைக் கட்டைமேல் ஏற்றி, எஞ்சினைப் பிரிக்காமலே வேலை நடந்தது. டாப்பின் பள்ளங்களில் கிரீஸை அடைத்தோம், சீவல் உள்ளே விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இடையிடையே வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி கிரீஸ். டாப் நேராக இறங்குகிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தோம். கோணலாக இறங்கினால் வாஷர் ஒருபக்கம் மட்டும் அழுந்தி ஆயுள் முழுவதும் கசியும். சுருளை விளிம்புக்குச் சற்று உள்ளே நிற்கும்படி இறக்கினோம். அதன் அடியில் இருக்கும் சின்ன நாக்கை நீள மூக்கு இடுக்கியால் ஆட்டி ஒடித்து, கையோடு வெளியே எடுத்தோம். அது உள்ளே விழுந்தால் கியருக்கு இடையே மாட்டும். பிறகு அரை லிட்டர் மலிவான ஆயிலை மேலே ஊற்றி, கீழே வழியவிட்டுக் கழுவினோம். காந்தம் விட்டுத் துழாவலாமே என்றார் தம்பி. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, கழுவுவதுதான் வழி.

சிலர் இந்த இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றி, அல்லது எம்-சீல் வைத்து அடைத்துவிடுவார்கள். வீடு வந்து சேர ஒரு நாள் தாங்கும். டேப் துணுக்கு ஆயில் வலையில் போய் அடைத்தால் எஞ்சினே போகும்; ஓடும்போது போல்ட் விழுந்தால், பின் சக்கரத்தில் ஆயில் கொட்டி ஆளே விழுவார். அதிகாலை இருட்டில், நாற்பது கிலோ மாவோடு.

மாட்டும்போது: வாஷர் புதிது. செம்பு வாஷர் கிடைக்காவிட்டால், பழையதைச் செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். அலுமினிய வாஷரில் இது நடக்காது. போல்டை முதலில் கைவிரலால் மட்டும் கடைசிவரை திருகுங்கள். விரலுக்கு ஏறாவிட்டால் மரை குறுக்கே விழுந்திருக்கிறது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள், ஸ்பானரால் வற்புறுத்த வேண்டாம். அதன்பின், அந்த வண்டியின் கையேட்டில் சொன்ன முறுக்கு, 100 சி.சி. வண்டிகளுக்குப் பொதுவாக 25, 30 நியூட்டன்-மீட்டருக்குள். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் குட்டை ஸ்பானரின் நடுவைப் பிடித்து, மணிக்கட்டின் பலத்தால் இறுக்கினால் போதும். பைப் வேண்டாம்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, பழைய ஆயிலை முறைப்படி எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். கையில் படிந்ததை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாள்பட்டுத் தோலில் ஊறினால் புற்றுநோய்க்கு இடம் உண்டு.

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துப் பார்க்கச் சொன்னேன். ஐந்தரை மணிக்கு மாவுப் பொட்டலத்தோடு தாளையும் கொண்டுவந்து காட்டினார். ஒரு சொட்டு இருந்தது. போல்டைத் துடைத்து, வாஷரைத் தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. வேலையின்போது ஃப்ரேமில் தங்கிய ஆயில் வழிந்ததுதான். இன்னொரு தாள் கொடுத்து, நூறு கிலோமீட்டர் ஓடியபிறகு மறுபடி விரிக்கச் சொல்லி அனுப்பினேன்.